மூன்றாவது கை

எங்கள் கப்பலின் பதிவேட்டில் ஒரு கல் பதினொரு தடவை பனிக்கரடியாக இருந்திருக்கிறது. ஒருமுறை அதற்கு இரண்டு குட்டிகள்கூட இருந்தன.

இதில் கல்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவின் வடக்குக் கரையில் அது தன் பாட்டுக்கு மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது. கம்பெனிதான் ‘கரடி நிச்சயம்’ என்று விளம்பரத் தாளில் அச்சடித்துவிட்டது. அந்தத் தாள் கரடிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் வந்தது மூன்று கை விதி.

‘ஸ்னோஃப்ரூ’ என்ற எங்கள் கப்பலில் தினமும் மாலை ஆறு மணிக்குப் பயணிகள் எல்லோரும் மேல்தளக் கூடத்தில் கூடுவார்கள். வாஃபிள், பழுப்புச் சீஸ், காப்பி. பயணத் தலைவர் ஓட்வார் தாடியைச் சீவிக்கொண்டு வந்து பார்வைப் பதிவேட்டைத் திறப்பார். யாராவது எழுந்து, என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். “எத்தனை கை?” என்று கேட்பார் ஓட்வார். மூன்று கை உயர்ந்து, அதில் ஒன்று வழிகாட்டியின் கையாகவும் இருந்தால் அது உண்மை. மையில் ஏறிவிடும். ஏறியதை அடிக்கக் கேப்டனுக்கே அதிகாரம் கிடையாது. ஒரு படி ஒஸ்லோ தலைமையகத்துக்கும் இன்னொரு படி தீவின் ஆளுநர் அலுவலகத்துக்கும் அன்றே போய்விடும். இரண்டு கைதான் என்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. தன் கண்ணால் பார்த்தவர்தான் கை தூக்க வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கல் கல்லாகவே இருந்திருக்கும்.

நான் ஹால்வார். அந்தக் கப்பலில் கரடிக் காவல்காரன்; கணக்குக்கு வழிகாட்டியும்தான். பயணிகள் கரையில் இறங்கும்போது துப்பாக்கியோடு சுற்றி நிற்பது என் வேலை. ஏழு வருஷத்தில் துப்பாக்கியைத் தூக்க வேண்டி வந்ததில்லை. கையைத்தான் தூக்கியிருக்கிறேன். கல் கரடியான பதினொரு தடவையில் எட்டு தடவை வழிகாட்டியின் கை என்னுடையது. குட்டிகளுக்கும் நான்தான்.

கரை இறங்குவது எங்களிடம் லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் எல்லோருடைய சட்டைப் பைகளையும் தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்ய வேண்டும். வெளியூர்ப் புல்விதை ஒன்றுகூடத் தீவில் விழக்கூடாது. பிறகு பூட்ஸை மருந்துத் தொட்டியில் முக்க வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கரையில் நிற்பது நாற்பது நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் மௌனம். அந்த ஐந்து நிமிஷமும் ஓட்வார் பேசுவார்.

“இந்த மௌனத்தைக் கேளுங்க. கேக்குதா? பேசாம கேளுங்க. எங்க கம்பெனி பதினெட்டு வருஷமா இந்த மௌனத்த உங்களுக்காகப் பாதுகாத்து வச்சிருக்கு. வேற கப்பல்ல போனவங்ககிட்ட விசாரிச்சுப் பாருங்க, இவ்வளவு மௌனம் கிடைச்சிருக்காது.”

இத்தனைக்கும் மேலே தகட்டுப் பலகை. ஏணிப் பக்கத்தில் ஆளுக்கொரு எண்ணோடு வட்டத் தகடு தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. இறங்கும்போது சிவப்பாகத் திருப்ப வேண்டும், ஏறியதும் வெள்ளையாக. பலகை முழுக்க வெள்ளையானால்தான் நங்கூரம் எடுக்கலாம். மனுஷத் தலையை எண்ணும் வழக்கத்தை ஓட்வார் நிறுத்திவிட்டார். “மனுஷன் நகருவான், தப்பா எண்ணிடுவோம். பலகை நகராது” என்பார்.

ஏறிவரும் காவல்காரனுக்கு இரண்டு கை போதாது. துப்பாக்கியில் குண்டில்லை என்று திறந்து காட்ட வேண்டும், சாமான் பையை இறக்க வேண்டும், பூட்ஸைக் கழுவ வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. முதலில் ஏறுகிறவன் தன் தகட்டோடு கூட்டாளியின் தகட்டையும் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிடுவான். என் எண் நாற்பது. என் கூட்டாளி ஸ்டுர்லாவின் எண் நாற்பத்தொன்று. ஆறு வருஷம் இப்படித் திருப்பிக்கொண்டோம். நன்றி சொன்னதுகூட இல்லை.

போன வருஷம் ஆகஸ்டில் சாம்பல் பனியாற்றடியில் இறங்கினோம். பயணிகள் எல்லை தாண்டாமல் இருக்க ஆரஞ்சுக் கொடிகள் நட்டிருந்தோம். திரும்பும் நேரத்தில் மூடுபனி இறங்க ஆரம்பித்தது. ஸ்டுர்லா தன் துப்பாக்கி, கரடி விரட்டும் வெடிக் கைத்துப்பாக்கி, ரேடியோ எல்லாவற்றையும் என் பையில் திணித்தான்.

“இதையெல்லாம் நீ தூக்கிட்டுப் போடா. கொடி மூட்டையே என் முதுக முறிக்குது. கடைசிக் கொடியப் புடுங்கிட்டு அடுத்த படகுல வர்றேன்.”

“காப்பி ஊத்தி வைக்கவா?”

“நீ ஊத்துனா அது காப்பியா? கழுவுன தண்ணி.”

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது. நான் முதல் படகில் ஏறிவந்து இரண்டு துப்பாக்கியையும் காட்டினேன். நாற்பதைத் திருப்பினேன். நாற்பத்தொன்றையும் திருப்பினேன். இரண்டாவது படகுக்காரன், ஸ்டுர்லாவின் சாமான் முன்னாடியே போய்விட்டதால் ஆளும் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டான். பலகை முழுக்க வெள்ளை. நாலு பத்துக்கு நங்கூரம் எடுத்து, கப்பல் கரையோரமாகவே மெல்ல நகர்ந்தது.

அன்று ஆறு மணிக் கூட்டத்தில் ஓகோத் என்ற பயணி எழுந்தார். ட்ரோன்ட்ஹைமில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வெள்ளைக் கடற்காகம் பார்க்க வருவார். கழுத்தில் தொலைநோக்கி, கையில் சின்ன நோட்டு.

“நாலு பதினஞ்சு. சாம்பல் பனியாற்றுக் கரை. ஒரு ஆளு, ஆரஞ்சுக் கொடிய ஆட்டிட்டிருந்தாரு” என்று படித்தார்.

கூடமே சிரித்தது.

“ஆளு நம்ம பட்டியல்ல இல்லீங்களே” என்றார் ஓட்வார். “பாறையா இருந்திருக்கும். சரி, கேட்டுடுவோம். எத்தனை கை?”

ஓகோத்தின் கை மட்டும் நின்றது. “ஒரு கை. பதியப்படவில்லை” என்று அடுத்த பறவைக்குப் போய்விட்டார் ஓட்வார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஸ்டுர்லா கீழே குளித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவன் கோப்பையில் காப்பி ஊற்றி வைத்துவிட்டுச் சிரித்தேன்.

எட்டு மணிச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அறையில் படுக்கை மடித்தபடி இருந்தது. ஓட்வாரிடம் ஓடினேன்.

“அவன் தகட்ட நான்தான் திருப்பினேன். அவன் கரையில இருக்கான். ஓகோத் பாத்தது அவனத்தான்.”

“நீ திருப்பினதப் பாத்தவங்க யாராவது?”

“இல்ல.”

“அப்ப அது ஒரு கைதான், ஹால்வார்.”

பிறகு என் தோளில் கை வைத்து, அப்பா மாதிரிக் குரலில் சொன்னார். “நல்லா யோசிச்சுப் பாரு. பலகை பொய்யின்னா பதினெட்டு வருஷமா நாம கிளம்பினதெல்லாம் பொய். அந்தப் பலகைக்குத் தங்கப் பட்டயம் வாங்கியிருக்கோம். கப்பலைத் திருப்பச் சொல்றேன். ஆனா வானிலைக் காரணம்னு எழுதிக்கறேன். உனக்கும் நல்லது.”

காலையில் திரும்பிப் போனோம். ராத்திரியில் பனியாற்று முகப்பு உடைந்து விழுந்திருந்தது. அதில் எழுந்த அலை கரையைத் துடைத்துப் போட்டிருந்தது. ஒரு கொடி மட்டும் கூழாங்கல்லுக்குள் சொருகிக் கிடந்தது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டு நிற்கையில் முகப்பில் இன்னொரு துண்டு சரிந்தது. மேல்தளத்தில் கைதட்டல் கேட்டது. அன்றைய பதிவேட்டில் இப்படி இருக்கிறது: ‘பனியாறு உடைதல். மிகச் சிறப்பு. அறுபத்திரண்டு கை.’

பலகைப்படி ஸ்டுர்லா கப்பலில் இருந்தான். ஆகவே கப்பலிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர்கள் நாங்கள் வந்த கடல்வழி முழுக்க இரண்டு நாள் தேடின, அவன் ஒருநாளும் விழாத தண்ணீரில். விசாரணைத் தாளில் ஒரே கேள்வி: ‘அவர் கப்பலில் ஏறியதற்கு ஆதாரம்?’ ‘தகடு வெள்ளையாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். இதற்கு நல்ல வார்த்தை தேடிப் பயனில்லை.

இந்த வருஷம் ஜூனில் கப்பல் மறுபடி கிளம்பியது. நாற்பத்தொன்றை யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் இறக்கம் முடிந்து எல்லோரும் ஏறிவிட்டோம். பலகையில் ஒரே ஒரு தகடு சிவப்பு. நாற்பத்தொன்று.

“யாருடா விளையாடுறது?” என்று ஓட்வார் சத்தம் போட்டார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது: தகடுகளைத் தேவையின்றித் திருப்புவது தடைசெய்யப்படுகிறது. அடுத்த இறக்கத்திலும் சிவப்பு. பசை போட்டு ஒட்டினார்கள். பசை அப்படியே இருந்தது, தகடு மட்டும் சிவப்பு. கழற்றி மேஜைக்குள் பூட்டினார்கள். அப்போது பலகையில் ஒரு வெள்ளை குறைந்தது. முழு வெள்ளை இல்லாமல் நங்கூரம் எடுக்கக்கூடாது என்பது விதி. மூன்று மணி நேரம் மிதந்துவிட்டு மறுபடி மாட்டினார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். அன்று மாலை முன்பக்கம் மறுபடி சிவப்பு.

பேய் என்று யாரும் சொல்லவில்லை. கோடையில் எங்கள் பக்கம் சூரியன் மறைவதே கிடையாது. பேய் வந்தால் ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லாத வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அது தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒஸ்லோ தலைமையகம் ஆலோசித்து ஒரு புதிய பணியை உருவாக்கியது. பணி விவரம் எழுத்தில் வந்தது: ‘நாற்பத்தொன்றாம் எண்ணுக்குரியவர் கரையிலிருந்து வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, வந்துவிட்டதாகத் திருப்பவும். கையெழுத்திடவும்.’ அந்தப் பணிக்கு என்னைப் போட்டார்கள். அனுபவம் இருக்கிறதாம்.

ஒரு கோடை முழுக்க, ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு, நான் அதைத் திருப்பினேன். முப்பத்தெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அது கைக்குச் சில்லென்று ஈரமாக இருந்தது.

ஆகஸ்ட் பயணத்தில் யூருன் ஏறினாள். ஸ்டுர்லாவின் அக்கா. வாட்சோவில் பஸ் ஓட்டுகிறாள். அவள் சீட்டு வாங்கியது தெரிந்ததுமே ஒஸ்லோவிலிருந்து ‘கவனத்துக்குரிய பயணி’ என்று தகவல் வந்துவிட்டது. ஓட்வார் அவள் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். காவலுக்கு நானும் நின்றேன்.

“உங்க துக்கத்துக்குக் கம்பெனி முழு மதிப்பு குடுக்குது” என்றார் ஓட்வார். “உங்களுக்குன்னு சன்னலோர மேஜை போட்டிருக்கோம். மத்த பயணிகள் விடுமுறையில இருக்காங்க. அவங்க மனசும் முக்கியம். அழுகை வந்தா இடது பக்கம் நூலகம் இருக்கு, அங்க யாரும் வர மாட்டாங்க.”

யூருன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். தம்பியின் இறப்புத் தாள். ‘இடம்’ என்ற கட்டத்தில் ‘கடலில், தெரியாது’ என்று இருந்தது.

“எனக்கு மேஜை வேணாம். இந்தக் கட்டத்துல ஒரு ஊர் பேர் வேணும். என் பஸ்ல யாராவது ஒரு குல்லாவ விட்டுட்டுப் போனாக்கூட எந்த ஸ்டாப்புன்னு சீட்டு எழுதி வைக்கிறேன். நீங்க ஒரு ஆளத் தொலைச்சுட்டு, தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க.”

“தொலைக்கலீங்க. பலகைப்படி அவர் ஏறிட்டாரு.”

“அப்ப பலகைய என்கூட அனுப்புங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

ஓட்வார் எழுந்து போய்விட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீ ஹால்வார்தானே? உன் காப்பியப் பத்திதான் போன்ல எப்பவும் திட்டுவான்.” நான் தலையை ஆட்டினேன். தகட்டைப் பற்றிச் சொல்லாமல் ஓட்வார் பின்னால் போய்விட்டேன்.

ஸ்டுர்லா கரையில் நின்றதை அவளுக்குச் சொன்னது ஓகோத். இந்த வருஷமும் கடற்காகம் பார்க்க வந்திருந்தார். மறுநாள் காலைச் சாப்பாட்டில், நான் ரொட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மேஜையில் அந்தச் சின்ன நோட்டைத் திறந்து யூருன் முன்னால் வைத்தார்.

“என் கை ஒண்ணுதான் நின்னுச்சும்மா. இன்னும் ரெண்டு கை இருந்தா அன்னைக்கே கப்பலைத் திருப்பியிருப்பாங்க. நான் மேஜை மேல ஏறிக் கத்தியிருக்கணும். மரியாதையா உக்காந்துட்டேன். இந்த ஒரு வருஷமா நோட்ட மூடவே முடியல.”

யூருன் அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். “இத இப்பப் பதிய முடியாதா?” என்று கேட்டாள்.

முடியும். அதற்கும் விதி இருக்கிறது. ஊருக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மூலையில் கரடி கண்டுபிடிக்கிறவர்களுக்காகப் போட்டது: ஒரு வருஷத்துக்குள் கொண்டுவந்தால் தாமதப் பார்வையையும் பதியலாம். மூன்று கை வேண்டும், ஒன்று வழிகாட்டியுடையது. ஓகோத் விதியை வரிக்கு வரி படித்துக் காட்டினார். பதிந்துவிட்டால் படி ஆளுநர் அலுவலகத்துக்குப் போகும், இறப்புத் தாளின் ‘இடம்’ கட்டம் நிரம்பும். ஒரு வருஷம் அடுத்த நாளோடு முடிகிறது. அடுத்த நாள்தான் சாம்பல் பனியாற்று இறக்கம். ரெண்டு கை இருக்கிறது என்று இரண்டு பேரும் எண்ணிக்கொண்டார்கள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது.

அன்று சாயங்காலமே ஓட்வார் வழிகாட்டிகளைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். “நாளைக்கு யாருக்காவது கை வலிச்சா தூக்க வேணாம். அவ்வளவுதான்.”

அடுத்த நாள் சட்டைப் பைகளை உறிஞ்சினோம், பூட்ஸை முக்கினோம், இறங்கினோம். பனியாறு ஒரு வருஷத்தில் இன்னும் பின்னால் போயிருந்தது. கொடிகளை நட்டேன். ஓட்வார் மௌனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யூருன் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எந்த இடத்துல நின்னிருப்பான்?”

கடைசிக் கொடி இருந்த இடத்தைக் காட்டினேன். அவள் அங்கே போய் நின்று கப்பலைப் பார்த்தாள். கப்பல் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. சன்னலில் ஆள் காப்பி குடிப்பதுகூடத் தெரிந்தது. அவள் அழவில்லை. கையைத் தூக்கி, மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். கப்பலில் யாரும் திரும்பவில்லை.

எல்லோரும் ஏறினோம். பலகையில் நாற்பத்தொன்று சிவப்பு. வேலைப்படி நான் போய் அதன் முன்னால் நின்றேன். கையெழுத்துத் தாள் ஆணியில் தொங்கியது. விரல் தகட்டின் மேல் இருந்தது. திருப்ப முடியவில்லை.

பின்னால் யூருன் நின்றிருந்தாள். “இது யாரோடது?”

“அவனோடது.”

“ஏன் சிவப்பா இருக்கு?”

“அவன் இன்னும் ஏறல” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டேன். இரண்டு தடவை கேப்டனிடமிருந்து போன் வந்தது, ஏன் இன்னும் பலகை வெள்ளையாகவில்லை என்று. வேறு யாரும் அந்தத் தகட்டைத் தொடத் தயாராக இல்லை. அது என் பணி, எழுத்தில் இருக்கிறது. ஆறு மணிக்கும் கப்பல் சாம்பல் பனியாற்றின் முன்னாலேயே நின்றது. பயணிகளுக்கு ‘விருந்தினர் விருப்பத்துக்கிணங்கக் கூடுதல் நேரம்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. அவர்கள் கைதட்டினார்கள்.

கூட்டம் தொடங்கியது. கடற்காகம் நாலு, பதிந்தாயிற்று. கடல்நாய் ஒன்று, பதிந்தாயிற்று. ஓகோத் எழுந்து நோட்டைத் திறந்தார்.

“தாமதப் பார்வை. போன வருஷம் இதே நாள், நாலு பதினஞ்சு. இந்தக் கரை. ஒரு மனுஷன்.”

“அது பட்டியல்ல இல்லைன்னு அன்னைக்கே…”

“நிலப் பாலூட்டின்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல போட்டுக்கோங்க. காலியாத்தான இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. ஓட்வார் வழிகாட்டிகள் உட்கார்ந்திருந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் வாஃபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிம்மதியாகக் கேட்டார்.

“எத்தனை கை?”

ஓகோத்தின் கை. யூருனின் கை. வேறு கை இல்லை. ஓட்வார் பதினெட்டு வருஷமாக விற்ற மௌனத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கல்லுக்கு எட்டு தடவை தூக்கிய கை. இல்லாத குட்டிகளுக்குத் தூக்கிய கை. அது மடியில் செத்த மீன் மாதிரிக் கிடந்தது. வேலை, வீட்டுக் கடன், கையெழுத்துப் போட்ட விசாரணைத் தாள் எல்லாம் ஒரு சுற்று மண்டைக்குள் ஓடின. அப்புறம் அந்தக் காப்பிக் கோப்பை ஞாபகம் வந்தது. ஆறிப்போய், யாரும் தொடாமல், மறுநாள் வரைக்கும் அந்த மேஜையில் இருந்த கோப்பை.

தூக்கினேன்.

“ஹால்வார், உனக்குக் கை வலிக்கலியா?” என்றார் ஓட்வார்.

“வலிக்குதுங்க. நான்தான் அவன் தகட்டத் திருப்பினேன். எழுதிக்கோங்க.”

மூன்று கை ஆகிவிட்டது. விதி விதிதான். ஓட்வாரால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத ஆரம்பித்ததும் அவருக்குப் பழக்கம் வந்துவிட்டது, குரல்கூடத் தெளிந்துவிட்டது. கட்டம் கட்டமாகக் கேட்டார்.

“எண்ணிக்கை?”

“ஒண்ணு” என்றார் ஓகோத்.

“தனியாவா, குட்டிகளோடவா?”

“தனியா” என்றாள் யூருன்.

“நடத்தை?”

ஓகோத் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். “கொடி ஆட்டுதல். நாலு பதினஞ்சுலருந்து நாலு முப்பத்தஞ்சு வரைக்கும். அப்புறம் மூடுபனி.”

பேனா எழுதிக்கொண்டே வந்தது. கடைசிக் கட்டத்தில் நின்றது.

“தூரம்? இத வழிகாட்டிதான் சொல்லணும்.”

சன்னல் வழியே கரை தெரிந்தது. நான் நட்டுவிட்டு எடுக்காமல் வந்த கடைசிக் கொடி அங்கே காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“கூப்பிட்டாக் கேக்குற தூரம்” என்றேன்.

“மீட்டர்ல சொல்லு” என்றார் ஓட்வார்.